ஐந்து சோடியற்ற இலத்திரன், ஒட்டாத காந்தம்: வெள்ளவத்தை வகுப்பொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் முன் மண்டபத்தில் உயர்தர இரசாயனவியல் படிப்பிக்கிறேன். தமிழ் மொழிமூலம். நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் இருக்கும் ரியூசன் கொட்டகை இல்லை. இந்த அணியில் இருந்தது பதினான்கு பேர். ஆய்வுகூடம் என்று சொல்ல ஒரு அலுமாரி உண்டு. அதற்குள் உப்புப் பகுப்புக்கான போத்தல்கள், சில சோதனைக்குழாய்கள், ஒரு மரத் தாங்கி. அவ்வளவுதான்.

அணுக்கட்டமைப்புப் பாடத்தில் இலத்திரன் நிலையமைப்பு முடிந்ததும் நான் வழமையாக ஒரு வசனம் சொல்வேன்: “சோடியற்ற இலத்திரன் இருந்தால் காந்தத்தில் ஒட்டும், இல்லாவிட்டால் ஒட்டாது.” பல வருடமாக இதே வசனம்தான். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பயிற்சிக் கணக்கு செய்வார்கள், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். இந்த ஆய்வில் பிழை எங்கே என்று தேடுபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிழை அந்த வசனத்தில், குறிப்பாக “ஒட்டும்” என்ற சொல்லில் இருந்தது.

வசனத்துக்குப் பின்னாலுள்ள இரசாயனம் சரியானதுதான். ஒவ்வொரு இலத்திரனுக்கும் கறங்கல் என்று ஒரு பண்பு உண்டு. அதனால் ஒவ்வொன்றும் ஒரு மிகச் சிறிய காந்தம்போல நடந்துகொள்கிறது. ஒரே ஒபிற்றலில் (அணுவுக்குள் இலத்திரன் இருக்கும் இடத்தில்) இரண்டு இலத்திரன் இருந்தால் அவற்றின் கறங்கல்கள் எதிரெதிராக இருக்க வேண்டும் என்பது 1925இல் பௌலி வகுத்த தவிர்ப்புத் தத்துவத்திலிருந்து வருவது. எதிரெதிரான இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். தனியாக நிற்கும் இலத்திரனின் காந்தத்தை அழிக்க ஆளில்லை. ஊண்டின் விதிப்படி ஒரே சக்தியுள்ள ஒபிற்றல்களில் இலத்திரன்கள் முதலில் தனித்தனியே அமரும், இடம் முடிந்த பிறகே சோடி சேரும். ஆகவே மங்கனீசு 2+ அயனில் 3டி மட்டத்தின் ஐந்து ஒபிற்றல்களிலும் ஒவ்வொன்றாக ஐந்து இலத்திரன்கள் தனியே நிற்கின்றன. நாக (துத்தநாக) 2+ அயனில் பத்தும் சோடியாகிவிடும்.

காந்தத் திருப்பத்தை, அதாவது அந்தச் சிறு காந்தத்தின் பலத்தை, கணக்கிட ஒரு எளிய சூத்திரமும் கொடுத்திருந்தேன். சோடியற்ற இலத்திரன்களின் எண்ணிக்கையை, அதோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒன்றுக்கு 1.73, இரண்டுக்கு 2.83, நான்குக்கு 4.90, ஐந்துக்கு 5.92 போர் மக்னெட்டன் (அதுதான் அலகு). மாதச் சோதனையில் அணியில் எல்லோருமே இந்தக் கணக்கைச் சரியாகச் செய்திருந்தார்கள். எனக்கும் திருப்தி.

கேள்வி எழுந்த நாள்

சோதனைத் தாள்களைத் திருப்பிக் கொடுத்த சனிக்கிழமை இடைவேளையில், அதிகம் கதைக்காத ஒரு மாணவி அலுமாரியிலிருந்து மங்கனீசு சல்பேற்றுப் போத்தலை எடுத்து, வீட்டுக்காரரின் பிரிட்ஜ் கதவில் இருந்த காந்தப் பொம்மையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். இளஞ்சிவப்புத் தூள் அசையவில்லை. பக்கத்தில் கிடந்த இரும்பு ஆணி பாய்ந்து ஒட்டிக்கொண்டது.

“சேர், ஆணியில இரும்பு அணுவுக்கு நாலு சோடியற்ற இலத்திரன்தானே. இதில அஞ்சு இருக்கு. அப்ப இதெல்லோ கூட ஒட்டோணும்?”

நான் சொன்ன பதில்: “அது பலவீனமான கவர்ச்சி பிள்ளை, கண்ணுக்குத் தெரியாது.” அடுத்த நிமிடமே இன்னொரு மாணவன் சேர்ந்துகொண்டான். செம்பு அணுவின் வெளி மட்டம் 4எஸ், அதில் ஒரு இலத்திரன் தனியே நிற்கிறது. அப்படியென்றால் செம்புக் கம்பி ஏன் காந்தத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை? “உலோகத்தில் கதை வேறு தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்தைத் தொடங்கினேன். இரண்டு பதிலும் பொய்யில்லை. ஆனால் இரண்டுமே கதவை மூடும் பதில்கள். முதலாவது மாணவி கேட்டது எவ்வளவு பலவீனம் என்பதல்ல, ஐந்து எப்படி நாலைவிடப் பலவீனமானது என்பது. அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

வகுப்பு முடிந்து போகும்போது வாசலில் ஒரு பையன் மற்றவனிடம் சொன்னது காதில் விழுந்தது: “அது சோதனைக்கு மட்டும் மச்சான்.” அன்றிரவு அதுதான் மனதில் நின்றது.

அவதானித்தவை

அடுத்த வகுப்பில் பெயர் எழுதாத துண்டுத் தாள் கொடுத்தேன். இரும்பு ஆணி, செம்புக் கம்பி, மங்கனீசு சல்பேற்று, நாக சல்பேற்று, தண்ணீர்: பலமான காந்தமொன்றை அருகில் கொண்டுபோனால் ஒவ்வொன்றுக்கும் என்ன நடக்கும் என்று எழுதச் சொன்னேன்.

தண்ணீரை எவரும் “தள்ளும்” என்று எழுதவில்லை. நாக சல்பேற்றையும் அப்படியே. எல்லா இலத்திரனும் சோடியானால் “ஒன்றும் நடக்காது” என்பதே எல்லோர் மனதிலும் இருந்தது. தயாகாந்தம் என்ற சொல் அவர்களது கொப்பியில் இருந்தது, அது ஒரு தள்ளுவிசை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை 1845இலேயே பரடே கண்டுவிட்டார்.

மங்கனீசு சல்பேற்று “ஒட்டும்” என்று பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். போன கிழமை ஒட்டாததைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்களே அப்படி எழுதினார்கள். ஒரு தாளில் மட்டும் இரண்டு நிரல் போட்டிருந்தது. ஒன்றில் “பேப்பரில்: ஒட்டும்”, மற்றதில் “உண்மையில்: ஒட்டாது”. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இதிலிருந்து எனக்குப் பட்டது: பிள்ளைகளுக்கு எண்ணத் தெரிகிறது. எண்ணியது எதைப் பற்றியது என்பதில்தான் குழப்பம். ஒரு அணுவிலோ அயனிலோ எத்தனை சிறு காந்தங்கள் இருக்கின்றன என்பது ஒரு கேள்வி. கோடானுகோடி அயன்கள் சேர்ந்த ஒரு பொருளில் அந்தச் சிறு காந்தங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்புகின்றனவா என்பது வேறு கேள்வி. “ஒட்டும்” என்ற என் ஒற்றைச் சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

திரவ ஒட்சிசன் காந்த முனைகளுக்கிடையே தொங்கி நிற்கும் காட்சியை இணையத்தில் காட்டலாம் என்று முதலில் நினைத்தேன். திரவ ஒட்சிசன் காந்தத்தால் கவரப்படுவதை டுவார் 1891இல் காட்டியிருந்தார். ஒட்சிசன் மூலக்கூறில் இரண்டு சோடியற்ற இலத்திரன்கள் இருப்பதுதான் காரணம். அழகான காட்சி. ஆனால் என் பிள்ளைகளுக்கு நம்பிக்கை போனது அலுமாரிப் போத்தலில். யாரோ எடுத்த வீடியோ அதைத் திருப்பித் தராது என்று பட்டதால் அதைக் கைவிட்டேன்.

அப்புறம் கூவே தராசு பற்றி யோசித்தேன். பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் மாதிரியைத் தராசில் தொங்கவிட்டு, கீழே காந்தப்புலம் கொடுத்து, எடை மாற்றத்தை அளப்பார்கள். எங்களிடம் பெரிய மின்காந்தம் இல்லை. ஆனால் விசைக்கு எதிர்விசை உண்டு. காந்தம் மாதிரியை இழுத்தால் மாதிரியும் காந்தத்தை இழுக்கும். ஆகவே காந்தத்தைத் தராசில் வைத்து, மாதிரியை மேலே அசையாமல் பிடித்தால் போதும். கவர்ச்சி இருந்தால் காந்தம் மேல்நோக்கி இழுபட்டு வாசிப்பு குறையும். தள்ளுவிசை என்றால் கூடும்.

தராசு எங்கிருந்து? ஒரு மாணவியின் அப்பா செட்டியார் தெருவில் நகைக்கடையொன்றில் வேலை செய்கிறார். மில்லிகிராம்வரை காட்டும் சிறு தராசொன்று அவரிடம் இருந்தது. இரவல் தந்தார். புறக்கோட்டையில் 20 மில்லிமீற்றர் விட்டமும் 5 மில்லிமீற்றர் தடிப்புமான நியோடிமியம் காந்தத்தட்டு வாங்கினோம். வீட்டுக்காரரின் தாயாருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்ததால், காந்தத்தை வகுப்பு நேரம் தவிர மற்ற நேரங்களில் என் பையிலேயே வைத்திருப்பது என்றும் முடிவெடுத்தேன். அதைப் பிள்ளைகளிடமும் காரணத்தோடு சொன்னேன்.

தராசின் உள்ளே இரும்புப் பாகங்கள் இருக்கக்கூடும். அதனால் காந்தத்தை நேரே தட்டில் வைக்காமல், பத்து சென்ரிமீற்றர் உயர ரெஜிபோம் கட்டையின் மேல் வைத்தோம். சோதனைக்குழாயை மரத் தாங்கியில் மாட்டி, அதன் அடி காந்தத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் மேலே நிற்கும்படி இறக்கினோம். ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றரை கிராம் எடுத்து, ஒரே உயரம் வரும்வரை தட்டி இறுக்கினோம்.

முதல் மாலை: தோல்வி

மின்விசிறி ஓடினால் வாசிப்பு நிற்கவில்லை. நிறுத்தினோம். கரையோரப் பாதையில் ரயில் போகும்போதெல்லாம் எண்கள் துள்ளின. ரயில் நேரம் பார்த்து அளக்கப் பழகினோம். இவை சின்னத் தொல்லைகள்.

பெரிய தொல்லை நாக சல்பேற்றில் வந்தது. தள்ளும் என்று எதிர்பார்த்தோம். தராசு 60 மில்லிகிராம் குறைந்தது. அதாவது கவர்ச்சி, அதுவும் செம்புச் சல்பேற்றைவிடப் பல மடங்கு. “அப்ப சேர் சொன்னதும் பிழை, புத்தகமும் பிழை” என்று ஒருவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே என்னிடம் இரண்டு வழி இருந்தது. ஏதோ கோளாறு என்று சொல்லி அந்தக் குழாயை ஒதுக்கி வைக்கலாம். அல்லது பிழையைத் தேடலாம். மற்ற மாதிரிகளை நிறுத்திவிட்டு, மீதி நேரம் முழுவதும் இந்த ஒரு குழாயைப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். இது தோற்றால் மற்ற எந்த எண்ணையும் அவர்கள் நம்பப்போவதில்லை என்பது காரணம்.

திறப்பைக் கண்டுபிடித்தது அந்த முதல் மாணவி. குழாயை அச்சில் மெல்லத் திருப்பினால் வாசிப்பு மாறுகிறது என்று கவனித்தாள். ஒரே சீரான தூள் என்றால் திருப்புவதால் எதுவும் மாறக்கூடாது. தூளைத் தாளில் கொட்டி, பொலித்தீன் சுற்றிய காந்தத்தை அதற்குள் ஓட்டினோம். பொலித்தீனில் கறுப்புப் புள்ளிகள் ஒட்டி வந்தன. விசாரித்தால், பளிங்குகளைப் பொடியாக்கிக் கொண்டுவந்த பிள்ளை வீட்டிலிருந்த இரும்பு உரலில் இடித்திருக்கிறான்.

அந்தக் கறுப்புத் தூள் முழுவதையும் சேர்த்தாலும் ஒரு மில்லிகிராம் வந்திராது. அவ்வளவு சிறிய இரும்பு, ஒன்றரை கிராம் நாக உப்பின் தயாகாந்தத்தை முழுங்கிவிட்டது. உண்மையில் அந்த மாணவியின் கேள்விக்கான பதிலும் இந்த விபத்துக்குள்ளேயே இருந்தது. அதனால் அந்த மாலையே அதைக் கதைத்தோம்.

மங்கனீசு சல்பேற்றில் ஒவ்வொரு அயனும் பலமான சிறு காந்தம்தான். ஆனால் அவற்றைச் சல்பேற்று அயன்களும் நீர் மூலக்கூறுகளும் பிரித்து வைத்திருக்கின்றன. கொழும்பு வெயிலின் வெப்பசக்தி ஒவ்வொன்றையும் தன்பாட்டில் திசை திருப்பிக்கொண்டே இருக்கும். எங்கள் காந்தத்தின் முகப்பில் புலம் கால் ரெஸ்லா அளவு. அந்தப் புலத்தில் இந்த அயன்களின் திருப்பங்களைக் கூட்டிப் பார்த்தால், எல்லாம் ஒரே பக்கம் திரும்பினால் கிடைப்பதன் ஆயிரத்தில் ஒரு பங்களவுதான் தேறும். இதுதான் பரகாந்தம். வெப்பநிலை கூடக்கூட இது குறையும் என்று கியூரி 1895இல் காட்டினார்.

இரும்பில் அடுத்தடுத்த அணுக்களின் கறங்கல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பெரும் கூட்டங்களாக ஒரே திசையில் நிற்கின்றன. இது அயக்காந்தம். 770 பாகை செல்சியசுக்கு மேலே சூடாக்கினால் அந்தப் பிடி விட்டுப்போய் இரும்பும் வெறும் பரகாந்தப் பொருளாகிவிடும். பிள்ளைகளிடம் நான் சொன்ன உவமை: புறக்கோட்டையில் நிற்கும் சனத்தைவிட ஆடிவேல் தேரின் வடத்தில் நிற்கும் சனம் குறைவாக இருக்கலாம். தேர் நகர்வது வடத்தில் நிற்பவர்களால். இரும்பு உலோகத்தில் அணு ஒன்றுக்குக் கிடைக்கும் திருப்பம் சுமார் 2.2 போர் மக்னெட்டன்தான், மங்கனீசு அயனின் 5.92இல் பாதிகூட இல்லை.

தனி அணுவாக ஆறு சோடியற்ற இலத்திரன் வைத்திருக்கும் குரோமியம், உலோகமானதும் காந்தத்தில் ஒட்டுவதில்லை என்பதையும் சொன்னேன். எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இரண்டாம் மாலை: எண்கள்

பீங்கான் உரலில் புதிதாகப் பொடித்தோம். ஒவ்வொரு தூளுக்குள்ளும் முதலில் பொலித்தீன் காந்தத்தை ஓட்டிப் பார்த்தோம். வெறும் குழாயையும் அளந்து கழித்தோம், ஏனென்றால் கண்ணாடியும் தயாகாந்தப் பொருள், அதுவே ஒரு மில்லிகிராம் அளவு தள்ளியது.

மங்கனீசு சல்பேற்றுக்கு 225 மில்லிகிராம் கவர்ச்சி. இரும்பு 2+ சல்பேற்றுக்கு 110, நிக்கல் சல்பேற்றுக்கு 43, செம்புச் சல்பேற்றுக்கு 16. நாக சல்பேற்று ஒரு மில்லிகிராம் அளவு தள்ளியது. தண்ணீர் இரண்டு. தண்ணீரைக் காந்தம் தள்ளுவதைத் தராசு காட்டியபோது மண்டபத்தில் எழுந்த சத்தத்தில் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்றரை கிராம் என்றால் எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை அயன்கள் இல்லை. செம்புச் சல்பேற்றில் ஐந்து நீர், இரும்பு உப்பில் ஏழு நீர், மங்கனீசில் ஒன்று. ஆகவே வாசிப்பை மூலர்த் திணிவால் பெருக்கச் சொன்னேன். மங்கனீசுக்கு 225 பெருக்கல் 169. செம்புக்கு 16 பெருக்கல் 250. மங்கனீசுக்கும் செம்புக்குமான விகிதம் 9.5 வந்தது. கவர்ச்சி திருப்பத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வரும் என்பதால், சூத்திரத்தின்படி 35க்கு 3, அதாவது 11.7 வரவேண்டும். இரும்புக்கு 1.46 வரவேண்டிய இடத்தில் 1.24. நிக்கலுக்கு 4.4 வரவேண்டிய இடத்தில் 3.4.

வரிசை சரி, எண்கள் சரியில்லை. மூன்று உப்பும் சூத்திரம் சொல்வதைவிடக் கூடுதலாகவே இழுபட்டன. அளவீட்டுப் பிழை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் மூன்றும் ஒரே பக்கம் சாய்வது தற்செயலாக இருக்க இடமில்லை. அந்தச் சூத்திரம் கறங்கலை மட்டும் கணக்கெடுக்கிறது. இலத்திரன் ஒபிற்றலில் இயங்குவதாலும் காந்தத் திருப்பம் வரும். சரி பாதி நிரம்பிய மங்கனீசு அயனில் அந்தப் பங்கு பூச்சியம், அதனால்தான் அது நல்ல ஒப்பீட்டுப் பொருள். மற்ற மூன்றிலும் கொஞ்சம் எஞ்சி நிற்கிறது. செம்புச் சல்பேற்றுக்கு 1.73க்குப் பதில் 1.9 அளவில் கிடைப்பது ஆய்வுகூடங்களிலும் வழமையே. பாதி வகுப்பு இதில் தூங்கிவிட்டது என்பதையும் பதிவு செய்கிறேன்.

மஞ்சள் பளிங்குகள்

இது திட்டத்தில் இருக்கவில்லை. இரும்பு 3+ அயனைச் சோதிக்க வைத்திருந்த பொற்றாசியம் பெரோசயனைட்டுப் போத்தலை ஒருவன் எடுத்து, “இதிலையும் இரும்பு 2+தானே சேர், நாலு வரும்” என்று பந்தயம் கட்டினான். அமிலம் எதுவும் அருகில் இல்லை என்று பார்த்துவிட்டு அனுமதித்தேன். இந்த உப்பை அமிலத்தோடு சூடாக்கினால் ஐதரசன் சயனைட்டு வாயு வரும். தராசு கவர்ச்சியே காட்டவில்லை. ஒரு மில்லிகிராம் அளவு தள்ளியது.

என்ன நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் தயங்கினேன். சிக்கற் சேர்வைகளில் (நடுவிலுள்ள உலோக அயனை வேறு அயன்களோ மூலக்கூறுகளோ சூழ்ந்த சேர்வைகளில்) ஒபிற்றல் பிரிவதை நான் வகுப்பில் படிப்பிப்பதில்லை, பரீட்சைக்கும் கிட்டத்தில் இருந்தோம். இருந்தாலும் மறைத்தால் “பேப்பரில் ஒன்று, உண்மையில் ஒன்று” என்ற பழைய இரண்டு நிரல் திரும்பவும் வந்துவிடும். பத்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். ஆறு சயனைட்டு அயன்கள் இரும்பைச் சுற்றி நெருக்குவதால் ஐந்து 3டி ஒபிற்றல்களும் ஒரே சக்தியில் இருக்க முடிவதில்லை. மூன்று கீழே, இரண்டு வெகு மேலே. மேலே ஏறுவதற்கான செலவைவிடச் சோடி சேர்வதற்கான செலவு குறைவு. ஆறு இலத்திரன்களும் கீழுள்ள மூன்றிலும் சோடியாகிவிடுகின்றன. நீர் மூலக்கூறுகள் சுற்றியிருக்கும் இரும்புச் சல்பேற்றில் அந்த இடைவெளி சிறியது, நான்கு தனியே நிற்கின்றன.

மருத்துவத்துக்குப் போக ஆசைப்படும் ஒருத்தி இருந்ததால் இரத்தத்தையும் சொன்னேன். ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினில் சோடியற்ற இலத்திரன் இல்லை, ஒட்சிசன் இறங்கியதும் ஒவ்வொரு இரும்புக்கும் நான்கு வந்துவிடும் என்று பௌலிங்கும் கொரியலும் 1936இல் அளந்து காட்டினார்கள். அதே இரத்தம், அதே இரும்பு. அவள் அதைத் தன் உயிரியல் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

செம்பும் வெள்ளியும்

செம்புக் கம்பித் துண்டுகளைக் குழாயில் நிரப்பி இறக்கியபோது தராசு பூச்சியத்தைச் சுற்றியே நின்றது. கேள்வி கேட்ட மாணவன் விடவில்லை. குழாயை வேகமாக மேலும் கீழும் ஆட்டி, “பாருங்கோ சேர், எண் மாறுது” என்றான். அசைந்தால் மட்டும் மாறுகிறது, நிறுத்தினால் பூச்சியம். அது செம்பில் தூண்டப்படும் மின்னோட்டம், அலுமினியத்திலும் அப்படித்தான். சோடியற்ற இலத்திரனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவனே இன்னொரு அலுமினியக் கம்பியால் செய்து பார்த்துத் தீர்த்துக்கொண்டான்.

தராசைப் பார்க்க வந்த நகைக்கடை அப்பா சொன்னார்: “நாங்கள் ஒவ்வொரு நாளும் காந்தம் பிடிச்சுத்தான் பார்க்கிறம். தங்கமோ வெள்ளியோ ஒட்டாது. ஒட்டினா உள்ளுக்க வேற என்னவோ இருக்கு.” அதைக் கேட்டதும் 1922இல் பிராங்பேர்ட்டில் ஸ்ரேனும் கேர்லாக்கும் செய்த சோதனையைச் சொன்னேன். வெள்ளியை ஆவியாக்கி, தனித்தனி அணுக்களாகச் சீரற்ற காந்தப்புலத்தினூடாக அனுப்பியபோது கற்றை இரண்டாகப் பிரிந்தது. வெள்ளி அணுவின் வெளி மட்டத்தில் தனியே நிற்கும் ஒற்றை இலத்திரனின் வேலை அது. கறங்கல் என்ற கருத்தே மூன்று வருடம் கழித்து, 1925இல்தான் வந்தது. தனி அணுவாக அவ்வளவு கூர்மையாகக் காந்தத்துக்குப் பதில் சொல்லும் வெள்ளி, சங்கிலியாகவோ கொலுசாகவோ ஆனதும் தயாகாந்தமாகிவிடுகிறது. உலோகத்தில் அந்த ஒற்றை இலத்திரன் தன் அணுவுக்குச் சொந்தமாக இருப்பதில்லை. எல்லாம் பொதுவில் சேர்ந்து, பெரும்பாலும் சோடிகளாக நிரம்பிவிடுகின்றன. செம்பிலும் அதே கதை. அவர் சிரித்துக்கொண்டே, “அப்ப எங்கட காந்தச் சோதனை சரிதானே?” என்று கேட்டார். சரிதான்.

பின்விளைவுகள்

மூன்று கிழமை கழித்து அதே துண்டுத் தாளை, பொருட்களை மாற்றிக் கொடுத்தேன். தயாகாந்தப் பொருட்களுக்குப் பெரும்பாலோர் “மெல்லத் தள்ளும்” என்று எழுதினார்கள். “ஒட்டும்” என்ற சொல் இரும்புக்கும் நிக்கல் உலோகத்துக்கும் மட்டும் வந்தது. இரண்டு நிரல் போட்டவர் யாரென்று இன்றுவரை தெரியாது, இம்முறை இரண்டு நிரல் எந்தத் தாளிலும் இல்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் மஞ்சள் பளிங்கை மனதில் வைத்து, சிக்கற் சேர்வை எல்லாமே தயாகாந்தம் என்று எழுதியிருந்தார்கள். பத்து நிமிட அவசர விளக்கத்தின் விலை அது. பொற்றாசியம் பெரிசயனைட்டில் ஒரு சோடியற்ற இலத்திரன் எஞ்சி நிற்பதையும் அன்றே அளந்து காட்டியிருந்தால் அந்தப் பிழை வந்திராது. ஒரு பிள்ளையின் அம்மா தொலைபேசியில் அழைத்து, சோதனைக்கு வராத விடயத்துக்கு இரண்டு வகுப்புகள் போனதாகக் குறைப்பட்டார். அவர் கணக்கில் நியாயம் இருந்தது. அசேதன இரசாயனத்தில் நாங்கள் பின்தங்கியதை ஒரு ஞாயிறு மேலதிக வகுப்பு வைத்து ஈடுசெய்தேன்.

திருகோணமலைக்குப் போய்வந்த ஒரு மாணவன் புல்மோட்டைக் கரையிலிருந்து ஒரு பொட்டலம் கறுப்பு மணல் கொண்டுவந்தான். பிரிட்ஜ் காந்தத்தில் ஒட்டிய கொஞ்சத்தை முதலில் பிரித்தெடுத்தோம். மீதி கறுப்பு மணலை நியோடிமியம் காந்தம் மெதுவாக இழுத்தது, வெளிர் மணிகள் அசையவில்லை. அந்த மணலிலுள்ள இல்மனைற்று என்ற கனிமத்தில் இரும்பு 2+ உண்டு. ரூற்றைல், சிர்க்கன் என்ற மற்றக் கனிமங்களில் சோடியற்ற இலத்திரன் இல்லை. புல்மோட்டையில் தொழிலாகவே இந்த வேறுபாட்டை வைத்துத்தான் மணலைக் காந்தத்தால் பிரிக்கிறார்கள். நான் கேட்காமலே அவன் செய்துகொண்டுவந்த வேலை அது.

மாற்றப்போவது

“காந்தத்தில் ஒட்டும்” என்ற வசனத்தை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் “புலத்தால் மெல்லக் கவரப்படும்” என்கிறேன். நீளம்தான், என்ன செய்வது. இரும்பை முதல் உதாரணமாக எடுப்பதையும் நிறுத்திவிட்டேன். பரகாந்தத்தை விளக்க இரும்புத் துண்டு உலகத்திலேயே மோசமான உதாரணம்.

சோதனையில், எந்தத் தூளையும் அளக்குமுன் பொலித்தீன் காந்தம் ஓட்டுவது கட்டாயம். இரும்பு உரல் கூடாது என்று வீட்டுக்குக் கொடுக்கும் தாளிலேயே எழுதியாயிற்று. இரும்பு 2+ உப்புப் போத்தல் பழுப்பேறியிருந்தால் பயன்படுத்துவதில்லை. காற்றில் 3+ ஆகிவிட்ட பகுதிக்கு ஐந்து இலத்திரன், கணக்கு குழம்பும். வெறும் குழாயின் வாசிப்பை ஒவ்வொரு முறையும் கரும்பலகையின் மூலையில் எழுதி வைக்கிறோம், ஏனென்றால் அதைக் கழிக்க மறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செம்புக் கேள்வியை இனி நானே கேட்பேன், அணுக்கட்டமைப்புப் பாடத்தின் அன்றே. யாரும் கேட்காத வருடங்களில் அது யாருக்கும் வராத கேள்வி என்று நினைத்திருந்தேன்.

தராசு இப்போது செட்டியார் தெருவுக்குத் திரும்பிப் போய்விட்டது. தையில் கலியாணக் காலம் தொடங்குமுன் கடைக்குத் தேவை என்றார். என்னிடம் இருப்பது பத்து மில்லிகிராம் வரைதான் காட்டும். மங்கனீசும் இரும்பும் நிக்கலும் அதில் தெரியும், செம்பு ஒரு படி அசையும். தண்ணீரின் இரண்டு மில்லிகிராமைக் காட்ட அடுத்த அணிக்கு முன் வேறொன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.